படிவத்தில் இல்லாத விருந்தாளி

தலையணை உறைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரம்மாவுக்குக் காவலாளியின் அழைப்பு வந்தது. மூன்றாவது மாடி வீட்டில் காலையிலிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்கிறது, கீழ்வீட்டுக்காரர் என்னவென்று கேட்கச் சொன்னார் என்றான். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அந்த வீட்டில் குழந்தை இருக்க வழியே இல்லை. நேற்று மாலை வந்து இறங்கியவர்கள் கணவனும் மனைவியும்தான். பதிவில் இரண்டு பேர் என்றுதான் இருந்தது.

ஒரு படுக்கையறை, ஒரு கூடம், நின்று சமைக்க ஓர் இடம். அவ்வளவுதான் அந்த வீடு. கணவர் காலமான பிறகு அதை நாள் வாடகைக்கு விடத் தொடங்கினாள். இரண்டு பேருக்கு மேல் கூடாது என்பது அவளே வைத்த விதி. வந்து தங்கியவர்களின் முகங்கள் அவளுக்கு நினைவில் நிற்பதில்லை. இரண்டு துண்டு, இரண்டு கோப்பை, இரண்டு சாவி என்று எண்ணி வைப்பதில் ஒரு நிம்மதி இருந்தது. எண்ணிக்கைக்குள் அடங்கிவிட்டால் எல்லாம் பத்திரமாக இருக்கும் என்று நம்பினாள். தன் தனிமையையும் அப்படித்தான் மடித்து வைத்திருந்தாள்.

இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. நடக்கும்போதே பேச்சைத் தயார் செய்துகொண்டாள். கோபப்படக் கூடாது. விதியைச் சொல்லி, மத்தியானத்துக்குள் காலி செய்யும்படி கேட்டுக்கொள்ள வேண்டும்.

கதவு திறந்திருந்தது. முதலில் கண்ணில் பட்டவை சோபாவுக்கு அடியிலிருந்து நீண்டிருந்த இரண்டு பாதங்கள். அவை எறும்பின் பாதங்கள். அந்த வீட்டையும் அந்தத் தெருவில் இன்னும் ஏழெட்டு வீடுகளையும் சுத்தம் செய்கிறவளுக்கு அதுதான் பெயர். உருவமும் அப்படி, ஓட்டமும் அப்படி. போனில்கூட அவளே “எறும்பு பேசறேன்” என்பாள். சுவரோரமாக, நேற்று மனைவியோடு வந்து இறங்கிய அந்த இளைஞன் எட்டு மாதக் குழந்தையை மார்போடு அணைத்தபடி, கையும் களவுமாகப் பிடிபட்டவன் போல நின்றிருந்தான்.

“கீழ என்ன தேடற?” என்றாள் வீட்டுக்காரம்மா.

“தேடலம்மா, தவழறேன்.” சோபாவுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. “இந்த மொதலாளி போன வாரம்தான் தவழ ஆரம்பிச்சாராம். அவர் போற எடத்துக்கெல்லாம் முன்னாடியே நான் ஒரு நடை போய்ட்டு வந்துடறேன்.”

துண்டு மாற்ற வந்தவள், கொடியில் விரலளவு காலுறை காய்வதைப் பார்த்திருக்கிறாள். எதுவும் கேட்கவில்லை. வாளியை ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் இறங்கிவிட்டாள்.

வீட்டுக்காரம்மா இளைஞனிடம் திரும்பித் தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னாள். அவன் மறுக்கவில்லை. மனைவிக்கு இங்கே நான்கு நாள் பயிற்சி. பிரசவத்துக்குப் பிறகு கிடைத்த முதல் வேலை. ஒரு நாள் தவறினாலும் இடம் இன்னொருவருக்குப் போய்விடும். குழந்தை தாய்ப்பாலைத் தவிர வேறு எதையும் வாயில் வைப்பதில்லை. அதனால் அவன் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வந்திருக்கிறான். மூன்று இடங்களில் விசாரித்தார்களாம். கைக்குழந்தை என்றதும் மூன்று இடத்திலும் பதில் நின்றுபோனது. இங்கே காவலாளியைத் தாண்டும்போது குழந்தையைத் துப்பட்டாவுக்குள் மூடிக்கொண்டு வந்தாள் அவன் மனைவி. சத்தம் வெளியே போகாமலிருக்க ஜன்னல்களை அடைத்து வைத்திருந்தார்கள்.

“உங்க படிவத்துல நாய் இருக்கான்னு கேட்டிருந்தீங்க மேடம். சிகரெட் பிடிப்பீங்களான்னு கேட்டிருந்தீங்க. குழந்தை இருக்கான்னு கேக்கல” என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். “கேட்டிருந்தா பொய்தான் சொல்லியிருப்பேன்னு நினைக்கிறேன். அதையும் சொல்லிடறேன்.”

அந்த நேர்மை அவளுக்கு இன்னும் எரிச்சலூட்டியது. அவன் பொய்யனாக இருந்திருந்தால் எவ்வளவு வசதி.

“விதின்னா விதிதாம்பா. மத்தியானத்துக்குள்ள...”

எறும்பு வெளியே வந்து உள்ளங்கையை விரித்தாள். பிரித்த அட்டையில் மிச்சமிருந்த இரண்டு மாத்திரைகள், ஒரு குண்டூசி, நகத்தளவு வட்ட பேட்டரி ஒன்று. யாரோ எப்போதோ தங்கிவிட்டுப் போனவர்களுடையவை.

“பெருக்கினா வராதும்மா இதெல்லாம். சோபாவோட அடித்துணி கிழிஞ்சு தொங்குது, அதுக்குள்ள கிடந்துச்சு. நின்னுக்கிட்டு பாக்கறவங்களுக்குத் தெரியாது.”

எல்லா வீட்டிலும் இப்படித்தான் செய்கிறாளா என்று கேட்டாள் வீட்டுக்காரம்மா. குழந்தை வருவது தெரிந்த வீடுகளில் மட்டும் என்றாள் எறும்பு. பதினோரு வருஷமாக. யாரும் சொன்னதில்லை, தனிக் கூலியும் இல்லை. பெரியவர்களுக்கான சுத்தம் வேறு, இவர்களுக்கான சுத்தம் வேறு என்று, சாம்பார் வேறு ரசம் வேறு என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்.

வீட்டுக்காரம்மா அந்தக் கையையே பார்த்தாள். இந்தக் கை எத்தனை வீடுகளில் எதையெல்லாம் பொறுக்கி எடுத்திருக்கும்? எந்தக் குழந்தைக்கு எது நடக்காமல் போனது என்று ஒருவருக்கும் தெரியாது. நடக்காமல் போன விபத்துக்குச் சாட்சி இல்லை, நன்றி சொல்லவும் ஆள் இல்லை. நான்கு வருஷமாக இவளைப் பார்க்கிறோம், வந்தாளா போனாளா என்பதற்கு மேல் எதையும் பார்க்கவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

புடவையைச் செருகிக்கொண்டு அவளும் தரையில் மண்டியிட்டாள். முட்டி இரண்டும் கிறீச்சிட்டன. “மெதுவாம்மா, அப்புறம் உங்களை யார் தூக்கறது” என்றாள் எறும்பு. இளைஞன் தயங்கியபடி குழந்தையை இறக்கிவிட்டான்.

கீழே இருந்து பார்த்தபோது அது வேறு யாருடைய வீடோ போல இருந்தது. மேசை விளிம்பு நெற்றி உயரத்தில் நின்றது. குழந்தை அங்குமிங்கும் பார்த்துவிட்டு விறுவிறுவென்று ஜன்னலை நோக்கிக் கிளம்பியது. வெயிலில் மினுங்கிக்கொண்டு, திரையை ஏற்றி இறக்கும் கயிறு அங்கே வளையமாகத் தொங்கியது. சரியாக ஒரு குழந்தையின் கழுத்து உயரம். திரையை அவளே தேர்ந்தெடுத்து வாங்கி மாட்டியிருந்தாள். வளையத்துக்குள் பிஞ்சுக் கை நுழைவதற்குள் அவள் தவழ்ந்தே போய்க் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டாள். இளைஞன் அதை வாங்கி எட்டாத உயரத்தில் முடிந்தான்.

தரையில் உட்கார்ந்தபடியே காவலாளியைப் போனில் கூப்பிட்டாள். “மேல மூணு பேர் இருக்காங்கப்பா. ஒருத்தருக்குப் பல்லு முளைக்குது, அதான் சத்தம். கீழ்வீட்டுக்காரர்கிட்ட நான் பேசிக்கறேன். மூணுன்னு எழுதி வச்சுக்கோ. ஏதாவது அவசரம்னா மூணு பேரை இறக்கணும்.”

சிறிது நேரத்தில் இளைஞனின் போன் அடித்தது. பயிற்சியின் இடைவேளையில் மனைவி பேசினாள். வீட்டுக்காரம்மா வந்திருப்பதாக அவன் தணிந்த குரலில் சொன்னான். வீட்டுக்காரம்மா போனைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

“நான் இப்பவே கிளம்பி வந்துடறேன்மா. பெட்டியைக் கட்டிடறோம்” என்றது ஒரு சின்னக் குரல்.

“எதுக்கு? வகுப்புல போய் உக்காரு. மத்தியானம் வந்து பால் குடுத்துட்டுப் போ. நாலு நாளும் இங்கதான் இருக்கப் போறீங்க.” மடியில் ஏறப் பார்த்த குழந்தையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். “ஆனா ஒண்ணு, இனிமே எங்க போனாலும் இவனை மறைக்காதே. நீங்க மறைச்சது தப்பு, மறைக்கற மாதிரி நான் வச்சிருந்தது அதைவிடப் பெரிய தப்பு. கைக்குழந்தைக்குக் காசு வாங்கக் கூடாது, வாசல்ல நிறுத்தவும் கூடாது. ஆனா ஒரு ஆளா எண்ணியே ஆகணும்மா. எண்ணாத ஆளை யாரும் பாத்துக்க மாட்டாங்க.”