வெட்டித் தைத்த கையுறை

தலையில் மாட்டிய மெய்நிகர் பயிற்சிக் கண்ணாடிக்குள் பட்டறை தெரிந்தது, இரும்புத் தகடு தெரிந்தது. லோகநாயகிக்குத் தன் கை மட்டும் தெரியவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில், வெளுத்து, முடி அடர்ந்து, மொந்தன் பழம்போல் விரல்கள் கொண்ட ஓர் ஆம்பளைக் கை வெல்டிங் டார்ச்சைப் பிடித்திருந்தது.

அவள் அசைத்தால் அது அசைந்தது. ஆனாலும் அந்தத் தடித்த கை தகட்டில் இடித்துவிடுமோ என்று தன்னையறியாமல் டார்ச்சைத் தூக்கித் தூக்கிப் பிடித்தாள். வெல்டு கோடு விட்டுவிட்டு விழுந்தது. தப்பு என்று திரை சிவந்தது.

"இன்னாக்கா, கோடு நடு நடுவுல டீ குடிக்கப் போயிகீது?" என்று உடன் பயிலும் செல்வகுமார் சிரித்தான்.

அம்பத்தூர் பயிற்சி மையத்தில் வெள்ளிக்கிழமை நிஜ நெருப்பில் தேர்வு. தேறினால் பாடியில் ஒரு பட்டறையில் வெல்டர் வேலை. தவறினால் மறுபடி எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக் காலர் தைக்க வேண்டியதுதான். வெல்டராக இருந்த கணவன் தங்கவேல் போன ஆடியில் மாரடைப்பில் போய்விட்டான். அவன் தொழிலை எடுக்கப்போகிறேன் என்றதற்கு, "ஆம்பள வேல உனுக்கு இன்னாத்துக்கு?" என்று நாத்தனார் முகம் திருப்பியவள்தான், இன்னும் பேசவில்லை.

"அது என் கை இல்ல மேடம்," என்றாள் பயிற்சியாளர் நிஷாவிடம்.

நிஷா சிரிக்கவில்லை. கணினியில் என்னவோ தட்டினாள். மறுபடி கண்ணாடி மாட்டியபோது சிறிய கருத்த கை, கண்ணாடி வளையலோடு.

"ஐயோ, இது நான்தான்!"

டார்ச் இருக்க வேண்டிய தூரத்தில் நின்றது. ஆனால் முதல் பொறி அந்த வெறுங்கையில் விழுந்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மறுபடியும் அப்படியே. திரை மறுபடி சிவப்பு.

"பொய்ப் பொறின்னு எனக்குத் தெரியுது. கைக்குத் தெரியலியே!"

"உங்க கைன்னு நம்பிட்டதாலதான் அக்கா பயப்படுது. கிளவுஸ் போட்டா சரியாயிடும். ஆனா இதுல இருக்கிற கிளவுஸ் எல்லாம் அந்தப் பெரிய கைக்குத்தான்," என்றாள் நிஷா.

"எங்க ஊட்ல ஒண்ணு கீது மேடம்."

திருமுல்லைவாயில் வீட்டில் கட்டிலடிப் பையிலிருந்து அதை எடுத்தாள். தங்கவேலின் வலதுகைத் தோலுறை. கட்டைவிரலில் அவள் போட்டுக்கொடுத்த நீல ஜீன்ஸ் ஒட்டு. அவன் முஷ்டியின் மடிப்பு இன்னும் தோலில் இருந்தது. மாட்டிப் பார்த்தாள். விரல் நுனிகள் வெறுமையாகத் தொங்கின. இதுவும் அந்தத் தடித்த கைதான்.

கத்தரிக்கோலை எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"கோச்சுக்காத," என்று ஒருமுறை சொல்லிவிட்டு வெட்டினாள். முதல் வெட்டு மட்டும் மெதுவாக விழுந்தது. அதன்பின் அது தையல் வேலை. பழகிய வேலை. நீல ஒட்டைப் பிரித்து, புதுக் கட்டைவிரலில் வைத்துத் தைத்தாள்.

மறுநாள் நிஷா அதைப் புரட்டிப் புரட்டிப் படமெடுத்துத் திரைக் கைக்குப் போர்த்தினாள். கண்ணாடிக்குள் நீல ஒட்டு போட்ட சின்னக் கை டார்ச்சைப் பிடித்தது. பொறி விழுந்தது. கை நகரவில்லை. கோடு ஒரே ஓட்டமாக ஓடியது. திரை பச்சையானது.

"அக்கா, டீக்கடய மூடிட்டாங்களா?" என்றான் செல்வகுமார்.

"உனுக்கும் சேத்துதான்டா!"

வெள்ளிக்கிழமை நிஜ நெருப்பு, நிஜத் தகடு. கண்ணெதிரே அதே நீல ஒட்டு. கைக்கு வழி தெரிந்திருந்தது.

தேர்வாளர் அப்துல் ரசாக் அவள் ஒட்டிய தகட்டை அழுத்தும் இயந்திரத்தில் வைத்தார். உள்ளே பொத்தல் இருந்தால் வளைக்கும்போது விரிந்துவிடும். தகடு முனகியது. லாடம்போல வளைந்தது. அவர் வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் தடவிப் பார்த்தார். மயிரிழை விரிசல் இல்லை.

"பாஸும்மா," என்றார். செல்வகுமாரின் விசில் கூரையில் மோதியது.

தகட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு நேரே நாத்தனார் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவள் கையிலேயே அதை வைத்தாள்.

"இன்னாது இது?"

"நான் ஒட்டுனது அண்ணி. மிஷின் வளச்சிச்சு, உடயல. திங்கக்கெழமலேர்ந்து பாடில வேல."

நாத்தனார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கதவை அகலத் திறந்தாள்.

"வாசல்ல நின்னுகினு இன்னா பேச்சு? உள்ள வா."