சுண்டல் கெடுத்த படம்

பிரிக்பீல்ட்ஸில் நவராத்திரிச் சுண்டலை ஒரு வீட்டில் வேண்டாமென்று சொன்னால் போதும், பொழுது விடிவதற்குள் சேதி பக்கத்து ஊர் கிள்ளான் வரை போய்விடும். என்ன கோபம், உடம்புக்கு என்ன என்று ஆளுக்கொரு கதை கட்டுவார்கள். அதற்குப் பயந்தே சிவமலர் கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போனாள், கொடுத்ததையெல்லாம் தின்றாள். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தனிக்கட்டை. பாதி ஆயுளை ஊர் வாய்க்கு அஞ்சியே ஓட்டியவள்.

மலக்குடலில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. வேறு இடமென்றால் சொல்லியிருப்பாள். இந்த இடத்தை எந்த வாயால் சொல்வது? பயத்தைவிட வெட்கம்தான் அவளை அதிகம் தின்றது.

கதிர்வீச்சு தொடங்குமுன் எங்கே, எவ்வளவு என்று கணக்குப் போட ஒரு ஸ்கேன் எடுப்பார்கள். நிறையத் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு வர வேண்டும், குடலில் காற்று கூடாது, பயறு கடலைப் பக்கமே போகாதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். தண்ணீர் விஷயத்தில் சிவமலர் அவர்கள் சொன்னபடியே செய்தாள்.

படம் எடுத்து முடித்ததும் ஸ்கேன் எடுக்கும் பெண் ரோகிணி திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

"ஆன்டி, இது முன்ன எடுத்த எம்ஆர்ஐ, இது இன்னைக்கு எடுத்தது. ஒன்னு மேல ஒன்னு வச்சா சரியா உக்காரணும். உக்காரல, பாருங்க."

குடல் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு பெரிய வட்டம். அத்தனையும் காற்று. கட்டியையே அது ஓரமாகத் தள்ளிவிட்டிருந்தது. இந்தப் படத்தை நம்பினால் கட்டி ஓரிடத்தில் இருக்கும், கதிர் வேறிடத்தில் பாயும். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று ரோகிணி கேட்டாள். மூன்று வீட்டுச் சுண்டல் என்று சிவமலர் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை விழுங்க ரோகிணி பட்ட பாடு கொஞ்சமல்ல.

"நாளன்னைக்கு மறுபடி எடுப்போம். அதுவும் இப்படியே வந்தா ட்ரீட்மெண்ட் தள்ளிப்போயிடும் ஆன்டி. கட்டி காத்துக்கிட்டு இருக்காது லா."

அன்று மாலை அடுத்த தெரு நல்லம்மாள் வீட்டில் கொலு. நல்லம்மாளிடம் சொல்வதும் ஊரைக் கூட்டிச் சொல்வதும் ஒன்றுதான். போகாமல் இருந்தாலோ, வீடு தேடி வந்துவிடுவாள். உட்கார்ந்த சூட்டோடு சுண்டல் கிண்ணம் வந்தது, மேலே தேங்காய்ப்பூ தூவி.

வயிறு சரியில்லை என்றால் ஓமத்தண்ணி வரும். பல்வலி என்றால் மசித்துக் கொண்டுவருவாள். பொய் தேடித் தேடிச் சிவமலருக்கு அலுத்துப்போனது. மானத்துக்காக உயிரை விடப் பார்த்தோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது. அவளுக்கு வாழ ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

"வேணாங்க்கா. எனக்கு கேன்சர். மலம் போற இடத்துல. கடலை சாப்பிட்டா ஸ்கேன் கெட்டுப்போகுது."

கொலுவுக்கு முன்னால் பாடிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். நல்லம்மாள் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். இந்த வீட்டில் இதுதான் கடைசி மரியாதை என்று சிவமலர் கைப்பையை எடுத்தாள்.

எழுவதற்குள் நல்லம்மாள் ஒரு தட்டில் வெறும் ரசஞ்சோறோடு வந்துவிட்டாள். தட்டைச் சிவமலர் மடியில் வைத்தாள். இவளுக்கு எவளாவது கடலை நீட்டினால் நடப்பதே வேறு என்று கூடத்தையே ஒரு முறை முறைத்தாள். பிறகு பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"இவ்வளவு நாளா தனியாவாடி போயிட்டு வந்த?"

சிவமலர் சோற்றைப் பிசைந்தபடியே அழத் தொடங்கினாள்.