பச்சைப் பல் வரைந்த பந்து

...இல்லை, இப்போது வேண்டாம், இந்த வளைவு தாண்டட்டும், அடுத்ததும் தாண்டட்டும், ரோக்காமோரா போய்ச் சேர்ந்து சாப்பாட்டுக்கு உட்காரும் முன்னால் சொல்லிவிடலாம், மாமா ஒரு நிமிஷம் என்று சாதாரணமாக ஆரம்பித்து... எப்படிச் சாதாரணமாக? துல்லியோ கிளட்சை மிதித்தான், கால்சட்டைப் பையில் இருந்த கோல்ஃப் பந்து தொடையில் அழுத்தியது. மலைப்பாதை, நிமிஷத்துக்கு ஒரு கியர், கியருக்கு ஒரு அழுத்து. எடுத்து வேறு பையில் போடவும் வழியில்லை, பக்கத்தில் மாமனார் ஒரெஸ்தே, பின் இருக்கையில் மனைவி ஃபியோரென்ஸா. திருடனுக்குத் தேள் கொட்டினால் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டு கார் ஓட்ட வேண்டும் போலிருக்கிறது. அதுவும் யாருடைய கார்! கல்யாணமான நாளிலிருந்து இந்தப் பழைய லான்சியாவின் ஸ்டீயரிங்கை அவனைத் தொடவிடாத மனிதர். வருஷா வருஷம் மே மாதம் இந்த மலைப்பக்கம் வருவார்கள், காலையில் கோல்ஃப், மதியம் எங்காவது ஒரு மலையூர், நேற்று மடாலயம், நாளை வெந்நீர் ஊற்று, எல்லாப் பயணத்திலும் துல்லியோவுக்குப் பின் இருக்கைதான், மடியில் மாமனாரின் தொப்பி. இன்றைக்கு அவரே சாவியைக் கையில் வைத்து அழுத்தி, நீயே ஓட்டு துல்லியோ, என்கிறார். ஏன் கொடுத்தார் என்று நினைத்தாலே காது சுடுகிறது.

"என்ன அதிசயம், அப்பா சாவியக் குடுத்துட்டாரு!" ஃபியோரென்ஸாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கிழவர் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். "அவன் முள்ளுக்குள்ள முட்டி போட்டுத் தேடுனதப் பாத்திருந்தா நீயும் குடுத்திருப்ப. போதும் வாடா, பந்துதானேன்னேன், கேக்கல. கையப் பாரு, பூனையோட சண்டை போட்டவன் மாதிரி. சொந்தப் புள்ள இருந்தாக்கூட இப்படித் தேடுவானா?" ஃபியோரென்ஸா முன்னால் சாய்ந்து அவன் பிடரியில் கையை வைத்தாள், "வலிக்குதா? வாயே தொறக்க மாட்டேங்குற?" இல்லை, வலிக்கவில்லை. வலித்தால் தேவலை. நன்றாகக் கீறட்டும் என்றுதானே கையை உள்ளே விட்டான், இரத்தம் வந்தால் பொய்க்குக் கொஞ்சம் உண்மை ஒட்டும் என்று... அட பாவி, தன் பையில் இருப்பதைத் தானே தேடியிருக்கிறான், தேடத் தேட ஒரு கட்டத்தில் பந்து அந்த முட்புதரில்தான் இருக்கிறது என்றே நம்பிவிட்டான், கிடைக்கவில்லையே என்று வருத்தம்கூட வந்தது.

காலைச் சிற்றுண்டியில் அவர் அப்படிப் பேசாமல் இருந்திருந்தால்? மேசையைச் சுற்றி கோல்ஃப் ஆட வந்திருந்த மிலான்காரர்கள், மைதானத்துக்காரர், எல்லாருக்கும் காப்பி ஊற்றியாகிவிட்டது, கிழவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எம் பொண்ணக் கேட்டு ஒரு டாக்டர் வந்தாரு, ஒரு வக்கீல் வந்தாரு. அவ பாத்துப் பாத்துச் செவிடங்களுக்குக் காது விக்கிற மாப்பிள்ளையப் புடிச்சா. ஆனா ஒண்ணு, அவர் பேசறதக் கேக்கத்தான் ஆளில்ல!" காது கேட்கும் கருவி விற்பது அவ்வளவு கேவலமா? இவர் ஆயுசுக்கும் பல் டாக்டராக இருந்தாரே, பல் பிடுங்குவது மட்டும் என்ன சங்கீதமா? மிலான்காரர்கள் சிரித்தார்கள், அது போகட்டும், ஃபியோரென்ஸா ரொட்டிக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சுமந்துகொண்டுதான் ஏழாவது குழிக்குப் போனான். மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற குழி, அடிக்கிற இடத்திலிருந்து கொடியின் நுனி மட்டும் தெரியும். கிழவருக்கு அதுவும் தெரியாது, கண்ணில் புரை, கத்தி வைக்கப் பயம். "நீங்க முன்னாடி போங்க மாப்பிள்ளை, எங்க விழுதுன்னு பாத்துச் சொல்லுங்க." அடித்தார். துல்லியோ மேடேறிப் போனான், புல்லில் பந்து இல்லை, மணலில் இல்லை, கொடிக்கம்பை ஒட்டிக் குழிக்குள் எட்டிப் பார்த்தால் வெள்ளையாக, தன் பந்துக்கு அடையாளமாக அவர் பச்சை மையில் வரைகிற குட்டிப் பல்லோடு, சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

ஒரே அடியில் குழிக்குள்! கோல்ஃப் ஆடுகிறவனுக்கு ஆயுளில் ஒரு தடவை கிடைத்தாலே பெரிது. கத்தத்தான் வாயைத் திறந்தான், சத்தியமாகக் கத்தத்தான்... அதற்குள் ராத்திரிச் சாப்பாடு கண்ணில் வந்துவிட்டது, ஒரே அடியில் போட்டவர்தான் எல்லாருக்கும் மது வாங்க வேண்டும் என்பது வழக்கம், கிழவர் வாங்கிக் கொடுப்பார், மைதானத்துச் சுவர்ப் பலகையில் பெயர் ஏறும், வரப்போகிற அத்தனை கிறிஸ்துமஸிலும் இதே கதை, கதையின் கடைசியில் தவறாமல், மாப்பிள்ளை அடிச்ச பந்து காட்டுக்குப் போச்சு. கை குழிக்குள் போய்விட்டது. கைதான் போனது, அவன் அனுப்பவில்லை... சும்மா இரு, கைக்கு என்ன தனிப் புத்தியா? கிழவர் மூச்சு வாங்க மேடேறி வந்து, "குழியில பாத்தீங்களா?" என்று கேட்டார், பாதி விளையாட்டாக, பாதி குழந்தை மாதிரி. பாத்துட்டேன் மாமா, இல்ல. அவ்வளவுதான், இரண்டு நொடிப் பொய். ஆனால் விழுந்த பந்து விழுந்ததுதானே, யார் எடுத்தாலும் ஆட்டத்தின் கணக்கில் அது விழுந்ததுதான், இன்னும் கெட்டுப்போகவில்லை, சொன்னால் இப்போதுகூட அது அவருடையதுதான். அவமானமாக இருந்தது, ஏதோ சின்னப் பிள்ளையின் கையிலிருந்த தின்பண்டத்தைப் பிடுங்கித் தின்றவன் போல அவமானம்.

ஊர் வாசலுக்கு ஏறும் கல்படிகளின் கீழே காரை நிறுத்தினான். ஃபியோரென்ஸா மேலே சாப்பாட்டுக் கடையில் மேசை பிடிக்க முன்னால் ஓடிவிட்டாள். கிழவர் இறங்கி, தன் உள்ளங்கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "ஒண்ணு சொல்றேன், அவகிட்ட இப்ப சொல்லாத. இன்னையோட மட்டையத் தூக்கிப் போட்டுர்றேன்."

"ஏன் மாமா? கண்ணுக்கு வைத்தியம் பண்ணிக்கிட்டா..."

"கண்ணு போனது தெரிஞ்சதுதானே. இது கைடா. காலைல அந்த அடி பட்டப்ப, சத்தமே வேற. கையில வந்து சொல்லுச்சு, இதுதான், முப்பது வருஷமா நீ கேட்டது இதுதான்னு. குழியில இருக்கும்னு அப்படி நம்பிட்டு வந்தேன், தெரியுமா? ஆயுசு பூரா பல் புடுங்குன கை, என்கிட்ட ஒரு நாளும் பொய் சொன்னதில்ல. இப்ப அதுவும் பொய் சொல்லுது."

கை பொய் சொல்லவில்லை மாமா. எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றது, வெளியே வர வேண்டியதுதான் பாக்கி. மாமா, என்றான். என்னடா, என்றார் அவர், அவ்வளவு அன்பாக. "பாத்து வாங்க, படி வழுக்கும்." படி எங்கே வழுக்குகிறது, வெயிலில் காய்ந்து கிடந்தது. கிழவர் அவன் தோளில் கையை வைத்தார். முதல் தடவை. கனமான கை, சட்டையைத் தாண்டிச் சூடு தெரிந்தது. மேலே போய்ச் சொல்லிவிடலாம், மேலே மேசையில், ஃபியோரென்ஸா முன்னால்... பாவம், வயசானவர், படி நிறைய, அவசரப்படுத்தக் கூடாது என்று துல்லியோ மெதுவாக ஏறினான், இன்னும் மெதுவாக, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று. பாதி ஏறிய பிறகுதான் கவனித்தான், அவருக்கு மூச்சு வாங்கவே இல்லை, ஏன்டா நிக்கிற என்பது போல அவர்தான் அவனைப் பார்க்கிறார். அப்படியானால் இந்த மெதுவெல்லாம் யாருக்காக? சொன்ன அந்த நொடியில் இந்தக் கை தோளை விட்டுப் போய்விடும். இன்னும் இரண்டு படி இருக்கட்டுமே என்று தோன்றியது அவனுக்கு.