நன்றாகக் கை கழுவியவர்கள்

ஒழுங்காகக் கை கழுவுகிற தாய்மாரின் பிள்ளைகளுக்கே நோய் வந்தது. தாதி சனூஸாவுக்கு விளங்காமல் இருந்தது இதுதான்.

துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் அந்த ஆஸ்பத்திரியின் குறைமாதக் குழந்தைகள் பிரிவில், அடுத்தடுத்து மூன்று பிள்ளைகளின் இரத்தத்தில் ஒரே பக்டீரியா வளர்ந்திருந்தது. இன்குபேட்டர், தண்ணீர்க் குழாய், பால் கிண்ணம் எல்லாவற்றையும் பஞ்சுக் குச்சியால் தேய்த்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பிப் பார்த்தாயிற்று. ஒன்றிலும் அது இல்லை.

மூன்றாவது பிள்ளை சம்பூரிலிருந்து வந்த தர்சிகாவின் மகள். முழங்கை வரை நுரை போட்டுக் கழுவாமல் தர்சிகா உள்ளே காலடி வைத்ததில்லை. அந்தப் பிள்ளைதான் இப்போது பாலை மறுத்து, அழவும் பலமில்லாமல் கிடந்தது.

மூதூரிலிருந்து வந்த றிஷானாவையோ கழுவுதொட்டிப் பக்கம் யாரும் கண்டதில்லை. அவளுடைய மகன் அடுத்த இன்குபேட்டரில் கையைக் காலை உதைத்துக்கொண்டிருந்தான்.

"பாத்தீங்களா மிஸ், ஊத்தக் கைக்காரிட புள்ளதான் சோக்கா இரிக்கான்" என்று றிஷானா சிரித்தாள்.

தர்சிகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். றிஷானாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"பகிடிக்குச் சொன்னன் தங்கச்சி. நானும் கழுவுறதான். வெளிய பைப்புல, என்ட சவுக்காரக் கட்டியால. இந்தப் போத்தல் சவுக்காரம் வழுவழுண்டு இரிக்கி, எனக்கு ஒத்துவராது."

சனூஸா நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு பிள்ளைகளையும் கையுறை போட்டுத் தொடுவது அதே தாதிகள். அறையும் அதே அறை. வேறுபட்டது சவர்க்காரம் மட்டும். ஆனால் கிருமியைப் போக்குகிற சவர்க்காரமே எப்படிக் கிருமியைக் கொண்டுவரும்?

தர்சிகா கழுவுதொட்டிக்குப் போனாள். போத்தலை அமுக்கினாள்; காற்றுத்தான் வந்தது. மூடியைக் கழற்றி, குழாயில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து, குலுக்கி மூடினாள்.

"தங்கச்சி, என்ன செய்றீங்க?" என்று சனூஸா கேட்டாள்.

தர்சிகாவின் கை அப்படியே நின்றது. "அடியில கொஞ்சம் கிடந்தது மிஸ். வீணாப் போகும் எண்டு... அகதி முகாமில இருக்கேக்க அம்மா இப்பிடித்தான் செய்வா." பிறகுதான் அவளுக்கு எதுவோ உறைத்தது. "ஐயோ, என்னாலயோ மிஸ்?"

"இல்லம்மா. நானும் இப்படித்தான் செய்ற. வீட்டுலயும் இஞ்சயும். இதுக்குள்ள தண்ணி விடாத ஆள் இந்த வார்ட்டுல இல்ல."

சனூஸா அந்தப் போத்தலை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவிட்டு, மற்றப் போத்தல்களையும் உடனே அகற்றினாள். முடிவு வந்தது. பிள்ளைகளின் இரத்தத்தில் இருந்த அதே பக்டீரியா போத்தலுக்குள்ளும் இருந்தது.

திரவச் சவர்க்காரம் கெடாமல் இருப்பதற்காக அதில் ஒரு மருந்து அளவாகச் சேர்க்கப்படுகிறது. தண்ணீர் விட்டால் அந்த மருந்து நீர்த்துவிடும். தண்ணீரோடு வந்த ஒன்றிரண்டு பக்டீரியாக்கள் போத்தலின் உட்சுவரில் வழுவழுப்பான ஒரு படலமாக ஒட்டிப் பெருகும். மேலே புதுச் சவர்க்காரம் ஊற்றினாலும் அந்தப் படலம் எளிதில் அழியாது. பெரியவர்களின் தோலுக்கு அது ஒன்றும் செய்யாது. வெங்காயச் சருகு போன்ற தோலோடு பிறந்த பிள்ளைக்கு அப்படியல்ல. நன்றாகக் கழுவியவளின் கையில்தான் அதிகம் ஏறியிருந்தது.

பிரிவுக்குப் பொறுப்பான வினோதன் டொக்டர் அந்தப் பக்டீரியாவுக்குக் கேட்கிற மருந்தை ஏற்கெனவே தொடங்கியிருந்தார். மூன்று பிள்ளைகளுக்கும் காய்ச்சல் இறங்கியது. ஆனால் தர்சிகா இன்குபேட்டருக்குக் கிட்டப் போகவில்லை. கைகளைச் சேலைத் தலைப்புக்குள் சுற்றி வைத்துக்கொண்டு கதவடியில் நின்றாள்.

"எனக்குத் தொட ஏலாது மிஸ். எதால கழுவினாலும் பயமாக் கிடக்கு."

"இஞ்ச வாங்க" என்று சனூஸா அவளைத் தொட்டிக்கு அழைத்துப் போனாள். அங்கே துளை போட்ட ஒரு தட்டில் கட்டிச் சவர்க்காரத் துண்டுகள் காய்ந்துபோய்க் கிடந்தன. காய்ந்த கட்டியில் கிருமி பெருக ஈரம் இல்லை.

"என்ட யோசனதான்!" என்றாள் பின்னால் நின்ற றிஷானா. "சோம்பேறிக்கும் மூள இரிக்கி."

தர்சிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு துண்டை எடுத்து முழங்கை வரை நுரை போட்டாள். கழுவித் துடைத்த விரலை இன்குபேட்டரின் வட்டத் துவாரத்தால் நீட்டினாள். மகள் அதை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது அந்தப் பிரிவில் சவர்க்காரத்துக்குத் தண்ணீர் கலப்பதில்லை. பழையதன் மேல் புதியதை ஊற்றுவதுமில்லை. கட்டிச் சவர்க்காரத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி, தண்ணீர் வடியும் தட்டில் வைக்கிறார்கள்.