பலகைக்கு அந்தப் பக்கம்

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ஏ பிரிவுக்கும் பி பிரிவுக்கும் நடுவில் இருப்பது சுவர் அல்ல, பலகை. ஒரே கூடமாக இருந்ததை, பிள்ளைகள் அதிகமானதும் நடுவில் பலகை அடித்து இரண்டாக்கிவிட்டார்கள். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். பதினாறு வருடமாக நான் அதைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை. என் குரல்தான் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததே தவிர, அங்கிருந்து எனக்கு ஒன்றும் வந்ததில்லை.

இந்த வருடம் அவள் வந்தாள்.

அவள் என்றால் பி பிரிவுக்கு வந்த புது ஆங்கில ஆசிரியை. முப்பது வயதுகூட இருக்காது. வந்த முதல் நாளே ஆசிரியர் அறையில் என்னை வாய் நிறைய 'அக்கா' என்றாள். எனக்கு உடன்பிறப்பு என்று இருப்பது ஒரே ஒரு தம்பி. அவனே போன் செய்தால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுவான். இவளுக்கு நான் எப்போது அக்கா ஆனேன் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை, சிரித்துவைத்தேன்.

ஏ பிரிவுக்கு ஆங்கிலம் நான். என் பாடவேளையில் ஒரு நிமிடம் வீணாகாது. வருகைப்பதிவு, பத்துச் சொல் டிக்டேஷன், பக்கத்தில் இருப்பவரோடு நோட்டை மாற்றித் திருத்துவது, பாடத்தில் ஒரு பத்தி வாசிப்பு, கேள்வி, பதில், கரும்பலகையிலிருந்து நோட்டுக்கு. மணி அடிக்கும்போது கடைசி வரியில் முற்றுப்புள்ளி வைத்துக்கொண்டிருப்பேன். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் என்னை 'சிவப்பு மை' என்று சொல்வது எனக்குத் தெரியும். சொல்லட்டும். என் கையைத் தாண்டி ஒரு பிழை போனதாக இந்தப் பள்ளியில் ஒருவரும் சொல்ல முடியாது.

பலகைக்கு அந்தப் பக்கமோ சிரிப்பு. நான் ஐந்தாவது சொல்லுக்கு வரும்போது அங்கே நாற்பது பிள்ளைகளும் சேர்ந்து சிரிப்பார்கள். என் பிள்ளைகளின் பேனா நின்றுவிடும். அவர்கள் பலகையைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, கல்யாண வீட்டு வாசலில் அழைப்பில்லாமல் நிற்பவர்கள்கூட அப்படிப் பார்க்கமாட்டார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்த நாற்பது பேரில் ஒருத்தி என் மகள்.

பெற்றவர் பாடம் எடுக்கும் வகுப்பில் பிள்ளை இருக்கக்கூடாது என்பது எங்கள் பள்ளியின் சட்டம். ஏ எனக்கு என்றால் அவள் பி-யில்தான். காலையில் கேட்டைத் தாண்டியதும் நான் அவளுக்கு 'டீச்சர்'. மாலையில் கேட்டுக்கு வெளியே கால் வைத்ததும் மறுபடியும் 'அம்மா'. இந்த ஏற்பாட்டில் எங்கள் இருவருக்கும் எந்தச் சிக்கலும் இருந்ததில்லை. இப்போது கேட்டுக்கு வெளியே வந்த பிறகும் அவள் வாயில் 'எங்க டீச்சர்'தான். எங்க டீச்சர் இப்படிச் சொன்னாங்க, எங்க டீச்சருக்கு மழை பிடிக்குமாம், எங்க டீச்சர் சின்ன வயசில் மேடையில் பேச்சு மறந்து அழுதாங்களாம். சாப்பாட்டுத் தட்டில்கூட எங்க டீச்சர் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

அந்த டீச்சர் கைக்கடிகாரத்தை முகப்பு உள்பக்கம் இருக்கும்படி கட்டுவாள். ஒரு திங்கட்கிழமை பார்க்கிறேன், என் மகளின் கடிகாரமும் உள்பக்கம் திரும்பியிருக்கிறது. நான் வாங்கித் தந்த கடிகாரம். வயிறு எரிந்தது. பொறாமை என்ற வார்த்தையைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. பொறாமைதான்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவர். எல்லாவற்றுக்கும் அங்கே ஒன்று இருக்கும் அவருக்கு.

"இதுக்கும் மாத்திரை இருக்கு," என்றார். "எங்க கடைக்குத்தான் இன்னும் சரக்கு வரல."

பி பிரிவில் அந்த டீச்சர் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். பாடம் தொடங்கும் முன் எல்லாரும் ஐந்து வரி ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நேற்று மாலையிலிருந்து இன்று காலைவரை பார்த்தது, கேட்டது, ஏதாவது ஒன்று. பிறகு விருப்பப்பட்டவர் எழுந்து வாசிக்கலாம். அந்தச் சிரிப்பெல்லாம் அப்போது வருவதுதான். அதற்கென்று தனி நோட்டு. பாட நோட்டில் பிழை திருத்துவாள், இந்த நோட்டில் மட்டும் திருத்தமாட்டாள். பச்சை மையில் கீழே ஒரு கேள்வி எழுதுவாள், அவ்வளவுதான். பிழையோடு ஒரு பக்கத்தை அப்படியே விட்டுவிடுவதை நினைத்தாலே எனக்குக் கை நமநமக்கும்.

அந்த நோட்டைக் காட்டு என்று மகளிடம் ஒருமுறை கேட்டேன். சாதாரணமாகக் கேட்பதுபோலத்தான் கேட்டேன். அது எங்க டீச்சருக்கு மட்டும் என்று சொல்லிவிட்டுப் பையை மூடினாள். அவளுடைய முதல் எழுத்தை, கையைப் பிடித்து, சிலேட்டில் எழுதவைத்தவள் நான்.

மாதம் ஒருமுறை இரண்டு பிரிவு ஆசிரியர்களும் நோட்டுக் கட்டுகளை மாற்றிக்கொண்டு, பார்த்ததாகக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தலைமையாசிரியரின் ஏற்பாடு அது. எந்த நோட்டும் விலக்கில்லை, அந்த ஐந்து வரி நோட்டும்கூட. அந்த மாதம் அவள் முப்பத்தொன்பது நோட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். உங்க பொண்ணு நோட்டு மட்டும் என் அலமாரியில இருக்கு அக்கா, அதைத் தலைமையாசிரியரே பார்த்துடுவார் என்றாள். சட்டப்படி சரிதான். சட்டம் பேசுகிறவளைப் பார்த்தால் எனக்குப் பிடிக்கும். இவளைப் பிடிக்கவில்லை.

நான்காம் பாடவேளை எனக்கு ஓய்வு. ஆசிரியர் அறையில் யாரும் இல்லை. முப்பத்தொன்பது நோட்டையும் பார்த்து முடித்தேன். பிழைகள் குவிந்து கிடந்தன. அவளுடைய நோட்டு என்பதால் கையைக் கட்டிக்கொண்டு, கையெழுத்து மட்டும் போட்டேன். அலமாரிச் சாவிகள் எல்லாம் சுவரில் ஆணியில்தான் தொங்கும். எழுந்துபோய் எடுத்தேன். இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. திருட்டு வேலை, தெரிந்துதான் செய்தேன்.

நின்றபடியே படித்தேன். ஐந்து வரி என்றால் என் மகள் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். பேருந்தில் தூங்கி வழிந்த நர்ஸ், அப்பா மாத்திரைப் பெயர்களை வைத்துப் பாடும் பாட்டு, மொட்டை மாடியில் காய்ந்த என் புடவை பக்கத்து வீட்டுக்குப் பறந்துபோனது. எனக்கே சிரிப்பு வந்தது. இவ்வளவும் ஒரே வீட்டில், என் கண்ணெதிரில் நடந்தவை. எனக்குச் சொல்லாததை எல்லாம் அவளுக்குச் சொல்லியிருக்கிறாள்.

பிறகு என்னைப் பற்றிய பக்கம் வந்தது. அவள் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இதுதான்: "காலையில் பலகை வழியாக அம்மாவின் டிக்டேஷன் கேட்கும். பத்துச் சொல்லையும் நான் மேஜையில் விரலால் எழுதிப் பார்ப்பேன். ஒன்றுகூடத் தப்பாகாது. அம்மாவுக்கு இது தெரியாது. வீட்டில் நான் ஏதாவது சொன்னால் அம்மா நான் சொல்வதைக் கேட்பதில்லை, எப்படிச் சொல்கிறேன் என்று பார்க்கிறாள்."

அதன் கீழே பச்சை மையில்: "இதை அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாயா?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. என் மகள் என்னிடம் பேச வேண்டும் என்று சொல்ல இவள் யார்? எனக்குச் சிபாரிசு செய்ய இவள் யார்? அந்தப் பச்சை எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மணி அடித்தது. நோட்டை வைத்துப் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டினேன். ஐந்தாம் பாடவேளைக்கு ஒரு நிமிடம் தாமதமாகப் போனேன். பதினாறு வருடத்தில் அதுவே முதல்முறை.

இரண்டு நாள் கழித்து, மாலை நடந்து வரும்போது என் மகள் வாயைத் திறக்கவில்லை. தெருமுனை வரை பொறுத்துப் பார்த்தேன். எங்க டீச்சர் என்ன சொன்னாங்க என்று நானாக வாயைக் கிளறினேன்.

"எங்க டீச்சரும் மத்தவங்க மாதிரிதான்," என்றாள். "இந்த நோட்டுல திருத்தவேமாட்டேன்னு சொன்னாங்க. சிவப்புப் பேனாவால திருத்தியிருக்காங்க. ஏன் டீச்சர்னு கேட்டேன். பழக்கதோஷம், கை போயிடுச்சுன்னு சொன்னாங்க."

எந்த இடத்தில் என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது. முப்பத்தொன்பது நோட்டுக்குக் கையெழுத்துப் போட்ட சிவப்புப் பேனா அன்று என் விரலிடுக்கில்தான் இருந்தது. அதை மூடி வைத்ததாக எனக்கு நினைவே இல்லை.

"அம்மாவைப் பத்தி எழுதின இடத்துல," என்றாள். பிறகு, "சும்மா ஏதோ எழுதியிருந்தேன்," என்று முடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை நான் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தபோது அந்த டீச்சர் மட்டும் இருந்தாள். கத்துவாள், தலைமையாசிரியரிடம் போவாள் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவள் பச்சைப் பேனாவுக்கு மை நிரப்பிக்கொண்டிருந்தாள். ஏன் பழியை உன் தலையில் போட்டுக்கொண்டாய் என்று நானேதான் கேட்டேன்.

"உங்க அம்மா பூட்டைத் திறந்து படிச்சாங்கன்னு அந்தப் பொண்ணுகிட்ட எப்படி அக்கா சொல்றது?" என்றாள். "என்மேல கோபம்னா ஒரு வருஷம். அடுத்த வருஷம் வேற டீச்சர். நீங்க வேற அம்மா ஆக முடியாதே."

நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்தது நன்றி இல்லை. கேவலமான காரியத்தைச் செய்தது நான், அதிலும் பெரிய மனசுக்காரி ஆனது அவள். ஒன்றிலாவது என்னை ஜெயிக்க விடமாட்டாளா என்று இருந்தது.

ஆனால் ஜெயித்தது நான்தான். மூன்று நாள் அனுபவித்தேன். என் மகளின் கடிகாரம் வெளிப்பக்கம் திரும்பியது. மாலையில் சமையலறைக்கு வந்து எனக்கு வெங்காயம் உரித்துத் தந்தாள். வீட்டில் எங்க டீச்சர் என்ற பேச்சே இல்லை. வீட்டுக்காரர் ஒருநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரக்கு வந்துவிட்டதா என்று கேட்டார்.

நான்காம் நாள், வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தவளிடம், இப்போது அந்த ஐந்து வரிக்கு என்ன எழுதுகிறாய் என்று கேட்டேன்.

"எழுந்தேன், பல் தேச்சேன், குளிச்சேன், சாப்பிட்டேன், வந்தேன்," என்றாள். "அஞ்சு வரி ஆயிடும். தப்பும் வராது."

என் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் எழுதுவதும் அதுதான். பதினாறு வருடமாக அதற்குத்தான் நான் முழு மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் அதைச் சொன்ன குரலில் வருத்தம்கூட இல்லை. என்னிடம் திரும்பி வந்தவள் அந்த நோட்டை எழுதியவள் இல்லை. அவளை அந்தப் பக்கமும் இல்லாமல் இந்தப் பக்கமும் இல்லாமல் ஆக்கியிருக்கிறேன்.

அடுப்பை அணைத்தேன். அந்தச் சிவப்புக் கோடு உங்க டீச்சர் போட்டது இல்லை, நான் போட்டது என்றேன். சாவி, அலமாரி, நான்காம் பாடவேளை, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். உரித்த தோலை ஒன்றாகக் கூட்டிவைத்தாள்.

"அந்தப் பக்கம் முழுக்கப் படிச்சியா?" என்றாள்.

"படிச்சேன்."

"படிச்சிட்டு, தப்பு மட்டும்தான் கண்ணுல பட்டுதா?"

அவள் எழுந்து கை கழுவிக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கு அப்பாவோடுதான் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை முதல் மணிக்கு முன்பே என் மகள் ஆசிரியர் அறை வாசலில் நின்றாள். என்னிடம் வரவில்லை. நேராக அவளுடைய டீச்சர் மேஜைக்குப் போய் ஏதோ சொன்னாள். டீச்சர் அவள் தோளில் கை வைத்தாள். கடிகாரம் மறுபடியும் உள்பக்கம் திரும்பியிருந்ததைப் பார்த்தேன். நானே என் கையால் கொண்டுபோய் ஒப்படைத்ததுதான். அதனால் எரியாமல் இருந்துவிடுமா? எரிந்தது.

வருகைப்பதிவு முடித்து டிக்டேஷன் ஆரம்பித்தேன். ஏழாவது சொல் சொல்லும்போது பலகைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி எழுந்து வாசிக்கத் தொடங்கினாள். என் மகளின் குரல். நிறுத்திவிட்டேன். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை, குரல் மட்டும் ஏறி இறங்கியது. பிறகு நாற்பது பேர் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தானோ என்னவோ. இருக்கட்டும்.

"டீச்சர், எட்டாவது?" என்று முன்பெஞ்சுக்காரி கேட்டாள்.

சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தேன். என் மகள் உட்காரும் பெஞ்சு எது என்று எனக்குத் தெரியும், பலகையை ஒட்டிய மூன்றாவது. நாற்காலியை விட்டு எழுந்து பலகைப் பக்கமாகப் போய் நின்றுகொண்டு, எட்டாவது சொல்லை வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னேன்.