சக்கரம் இருந்த இடம்

முன்சக்கரம் உள்ளே போகவில்லை. மலையடிவாரத்தின் கடைசி ஸ்டேஷனில், அங்கே இருக்கும் ஒரே பிளாட்பாரத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயன்றேன். அச்சு நேராக இருந்தது. சக்கரமும் கோணவில்லை. ஆனால் சக்கரத்தின் நடுவில் பொருத்தியிருக்கும் இரும்புத் தட்டு பிரேக்கின் வாயருகே போனதும் டக்கென்று முட்டி நின்றது. குனிந்து பார்த்தேன். தட்டு நுழைய வேண்டிய இடைவெளியையே காணோம். காலையில் நகரத்து ஸ்டேஷனில் சக்கரத்தைக் கழற்றியபோது அது இருந்தது, என் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு நடந்தது இரண்டு ரயில், ஒரு படிக்கட்டு, அவ்வளவுதான். சைக்கிள் முழு நேரமும் பைக்குள் இருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். தெருவில் ஓடுகிற சைக்கிளில் பிரேக் சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கும். மலைப்பாதையில் ஓடுகிற சைக்கிளுக்கு அது சரிப்படாது, விளிம்பெல்லாம் சேறாகிவிடும். அதனால் அச்சுக்குப் பக்கத்தில் ஒரு தட்டைப் பொருத்தி அதைப் பிடிக்க வைத்திருக்கிறார்கள். ஹேண்டில்பாரில் இருக்கும் பிரேக் பிடியை அமுக்கினால் ஒரு மெல்லிய குழாய்க்குள் எண்ணெய் கீழே தள்ளப்படும். எண்ணெய் இரண்டு பக்கமும் இருக்கும் கட்டைகளைத் தள்ளும். கட்டைகள் தட்டைக் கவ்வும். விட்டால் மயிரிழை அளவு பின்வாங்கி நிற்கும். கட்டை தேயத் தேய, தானாகவே கொஞ்சம் முன்னால் நகர்ந்து தட்டை ஒட்டியே இருந்துகொள்ளும். யோசித்துச் செய்த ஏற்பாடு. ஆனால் தட்டு அங்கே இருக்கும்வரைதான். தட்டு இல்லாத நேரத்தில் பிடியை அமுக்கினால் கட்டைகள் எதையும் சந்திக்காமல் முன்னால் வந்துகொண்டே இருந்து, கடைசியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். விட்டாலும் திரும்பாது.

ஆக, யாரோ பிடியை அமுக்கியிருக்க வேண்டும். பையை என்னைத் தவிர யாரும் தொடவில்லை.

சாவியை விட்டு நெம்பிப் பார்த்தேன், நகத்தை விட்டுப் பார்த்தேன். அசையவில்லை. நான் ஓட்ட வந்த மலைப்பாதை எதிரிலேயே தொடங்குகிறது. தண்டவாளத்தைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையாக ஏறிப் போகும். அதன் முதல் வளைவு வரைக்கும் தெரிந்தது. வந்த ரயில் இருபது நிமிடம் நின்றுவிட்டு அப்படியே திரும்பிப் போகும். சைக்கிளைப் பைக்குள் போட்டு அதிலேயே ஏறினேன்.

கார்டு என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. வரும்போது கேட்டிருந்தார். இரண்டே பெட்டி ஓடும் ரயில் அது. சைக்கிளை ஏற்றலாம், ஆனால் இரண்டு சக்கரத்தையும் கழற்றி, பையில் போட்டு, கடைசிப் பெட்டியின் கடைசி சீட்டுக்குப் பின்னால் வைக்க வேண்டும் என்பது விதி. நீளமான கறுப்புப் பையைச் சாய்த்து வைத்தபோது அவர் சொன்னார்: "என்னம்மா இது, உள்ள ஆள் இருக்கிற மாதிரி இருக்கு."

"வீட்டுக்காரர்தாங்க. டிக்கெட் எடுக்கல, அதான் பைக்குள்ள."

அவர் சிரித்தார். "சரி, சத்தம் போடாம வரச் சொல்லுங்க."

எனக்கு வாயில் இப்படித்தான் வரும். நான் பல் செட் செய்யும் லேபில் வேலை செய்கிறேன். அங்கே எல்லோருக்கும் செய்யும் வேலைதான் பெயர். மெழுகில் வடிவம் எடுப்பவன் மெழுகு. பீங்கான் பல்லுக்கு நிறம் ஏற்றுபவள் செராமிக். மேல்வரிசையும் கீழ்வரிசையும் சரியாகக் கடிக்கிறதா என்று பார்த்துத் திருத்துவது என் வேலை, அதனால் நான் கடி அக்கா. என் ஜோக்குகளைக் கேட்டவர்கள் அந்தப் பெயருக்கு இரண்டாவது காரணமும் உண்டு என்பார்கள்.

அந்த வீட்டுக்காரர் வீட்டை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது. சண்டை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆறு வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இரண்டு சைக்கிளையும் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு இந்த மலைக்குத்தான் வருவோம். அவர் முன்னால் போவார், நான் பின்னால். இறக்கத்தில் அவர் முதுகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் வளைவு வருகிறது என்று அர்த்தம். மற்ற ஆறு நாளும் பேசிக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போனது எங்களுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. கார் அவருடையது, போகும்போது எடுத்துக்கொண்டார். என் சைக்கிள் கூடத்துச் சுவரில் தொங்கியது. வேலை முடிந்து கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதன் முன்சக்கரம்தான். சில நாள் அதை ஒரு சுற்று சுற்றிவிட்டு சமையலறைக்குப் போவேன். அது ஓடி நிற்பதற்குள் அடுப்பில் தண்ணீர் வைத்துவிடலாம்.

போன மாதம் அவர் போன் செய்தார். பரணில் தன் சாமான்கள் கொஞ்சம் இருக்கின்றன, வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"உன் சைக்கிளையும் எடுத்துக்கட்டுமா? கார் இல்லாம நீ எப்படிப் போவ? சும்மா சுவத்துல தொங்கும்."

கேலியாகக் கேட்டிருந்தால் பதில் கொடுத்திருப்பேன். அக்கறையாகக் கேட்டார். மூன்று ஞாயிறு கழித்துச் சொல்கிறேன் என்றேன். தங்கையிடம் சொன்னதற்கு, கொடுத்துவிடு அக்கா, பூங்காவில் நடந்தால் போதாதா என்றாள். எனக்கு நடக்கவும் பிடிக்கும். ஆனால் சைக்கிள் அவர் காரில் ஏறிப் போவதை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது. அந்த வாரமே ரயில் அட்டவணையை எடுத்து உட்கார்ந்தேன்.

ஆறு பன்னிரண்டுக்கு முதல் ரயில். ஜங்ஷனில் மாறுவதற்கு ஏழு நிமிடம். அடுத்த பிளாட்பாரத்துக்குப் போக மேம்பாலத்தில் முப்பத்தெட்டுப் படி ஏறி முப்பத்தெட்டுப் படி இறங்க வேண்டும், தோளில் பதினைந்து கிலோ. ஏழு நிமிடத்தில் முடியுமா என்று முதல் நாளே வெறுங்கையோடு போய் நடந்து பார்த்தேன். மூன்றரை நிமிடம் ஆனது. பையோடு என்றால் ஆறு. எல்லாவற்றையும் கணக்குப் போட்டிருந்தேன், பிரேக்கைத் தவிர. அதைப் பற்றி யோசிக்க இதுவரை காரணமே இருந்ததில்லை. காரில் வரும்போது சைக்கிள் முழுசாகத்தானே வந்தது.

வீட்டுக்கு வந்து கட்டைகளைப் பிடித்திருக்கும் கம்பி முள்ளைக் குறட்டால் பிடுங்கி, கட்டைகளை வெளியே எடுத்து, அவற்றைத் தள்ளும் உருளைகளைக் கரண்டிக் காம்பால் உள்ளே அழுத்திச் சரிசெய்தேன். பத்து நிமிட வேலை. சக்கரத்தை மாட்டி வாரம் முழுக்கச் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. இரண்டாவது ஞாயிறு அந்தக் கரண்டியையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கார்டு என்னை மறக்கவில்லை. "வீட்டுக்காரர் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு பைக்கு வழிவிட்டார்.

கடைசி ஸ்டேஷனில் இறங்கிப் பார்த்தால் இடைவெளி மறுபடி இல்லை. கரண்டிக் காம்பின் நுனியை நுழைக்கக்கூட இடம் இல்லாமல் கட்டைகள் உதட்டை இறுக்கி மூடியது மாதிரி மூடிக்கொண்டிருந்தன. குறடு வீட்டில் இருந்தது. பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மேலே போய்விட்டு வந்தவர்களின் கார் ஒன்று சேறு அப்பிய நான்கு சைக்கிள்களோடு கேட்டைத் தாண்டிப் போனது. உள்ளே இருந்தவர்கள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். கை காட்டி நிறுத்தினால் குறடு கிடைத்திருக்கும். எழுந்திருக்கத் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது பெட்டியில் நான் மட்டும்தான். கடைசி சீட்டில், பைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். மலையை விட்டு இறங்கும்வரை தடம் வளைந்து வளைந்து வரும். ஒவ்வொரு வளைவிலும் பை என் பக்கம் சாய்ந்து, மறுபடி சுவர்ப் பக்கம் போகும். குகைக்குள் நுழைந்து வெளியே வந்தபோது கார்டு எதிர் சீட்டின் முதுகில் கையை ஊன்றி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போகும்போதும் பாத்தேன். வீட்டுக்காரரை இப்படி இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே வர்றீங்க. விட்டா ஓடிடுவாரா?"

பதில் சொல்லத் திரும்பினேன். என் வலது கையைப் பார்த்தேன். சீட்டின் முதுகுக்கு மேலாகப் பின்னால் போய், பையின் துணியோடு சேர்த்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான்கு விரலும் துணிக்கு அடியில் இருந்த பிரேக் பிடியின் மேல். ரயில் ஒரு வளைவில் சாய்ந்தது. விரல்கள் தாமாகவே ஒருமுறை அமுக்கின.

ஆறு வருடப் பழக்கம். நிற்கும் சைக்கிளைப் பிடிக்க வேண்டும் என்றால் முன்பிரேக்கை அமுக்கித்தான் பிடிப்பேன், இல்லாவிட்டால் அது உருண்டுவிடும். சக்கரம் இருக்கும்போது அதுதான் சரி. சக்கரம் இல்லை என்று மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. வளைவுக்கு ஒரு அமுக்கல், அமுக்கலுக்கு ஒரு மயிரிழை. ஜங்ஷனிலிருந்து மலை வரை எத்தனை வளைவு என்று யாராவது எண்ணிக்கொள்ளலாம்.

கார்டு போன பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு ஸ்டேஷன் தாண்டி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தவள் திரும்பினால் அது மறுபடி அங்கே இருந்தது. அதைத் திட்டுவதா, விட்டுவிடுவதா என்று தெரியவில்லை. பாவம், அதற்கும் பிடித்துக்கொள்ள வேறு என்ன இருக்கிறது.

திங்கட்கிழமை என் மேஜையில் ஒரு சின்ன வேலை காத்திருந்தது. ஏழு வயதுப் பெண் ஒருத்திக்கு இடக்கம்பி. ஒரு பல்லைப் பிடுங்கிவிட்டால் அந்த இடம் அப்படியே இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இருக்காது. இரண்டு பக்கத்துப் பற்களும் காலி இடத்தை நோக்கி மெல்லச் சாயும். எதிர்வரிசைப் பல், தொடுவதற்கு ஆள் இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு வரும். எதுவும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. ஒன்றைத் தொட்டுக்கொண்டிருப்பதற்காகவே அவை ஏற்பட்டவை. பிறகு முளைக்க வேண்டிய பல் வரும்போது அதற்கு இடம் இருக்காது. அதனால் காலி இடத்தில் ஒரு கம்பி வளையம் வைக்கிறோம். அது மெல்லாது, கடிக்காது, பல்லாகவே இருக்காது. பக்கத்துப் பற்களைச் சாயவேண்டாம் என்று சொல்லிக்கொண்டு சும்மா நிற்கும். இருபது வருடமாக மாதத்துக்கு நாலைந்தாவது செய்கிறேன்.

குறட்டால் கம்பியை வளைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும், ஈறுக்குப் பயன்படுத்தும் ரோஸ் நிற அக்ரிலிக்கில் கொஞ்சம் குழைத்து ஊற்றினேன். பிரேக் தட்டின் கனம் ஒன்று புள்ளி எட்டு மில்லிமீட்டர், ஞாயிறு இரவே அளந்து வைத்திருந்தேன். இறுகியதும் அதை இரண்டு மில்லிமீட்டர் தகடாகத் தேய்த்தேன், பிறகு நுனியில் பிடித்து இழுக்க ஒரு காது வைத்தேன். பல் செட்டுக்குப் போடுகிற மாதிரியே பளபளவென்று மெருகும் போட்டேன். செராமிக் சாப்பிட்டுவிட்டு வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"யாருக்கு அக்கா இது? பல்லே இல்லையே."

"பல்லு போன இடத்துக்குத்தான்."

அவள் அதையும் கடியில் சேர்த்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றாவது ஞாயிறு. நகரத்து ஸ்டேஷனில் சக்கரத்தைக் கழற்றியதும் முதல் வேலையாகத் தகட்டைக் கட்டைகளுக்கு நடுவில் செருகினேன். ஜங்ஷனில் படி ஏறி இறங்க ஐந்தே முக்கால் நிமிடம் ஆனது. இரண்டாவது ரயிலில் கடைசி சீட்டில் உட்கார்ந்து, கையை எங்கே போக வேண்டுமோ அங்கே போக விட்டேன். வளைவு வந்தது. அமுக்கினேன். துணிக்கு அடியில் பிடி கல் மாதிரி நின்றது. கார்டு கடந்து போகும்போது என் கையைப் பார்த்தார், பைக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

கடைசி ஸ்டேஷனில் இறங்கியது நான் ஒருத்திதான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, தகட்டின் காதைப் பிடித்து இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. சக்கரத்தை மெல்லக் கீழே இறக்கினேன். தட்டு எங்கேயும் முட்டாமல் உள்ளே போய் உட்கார்ந்தது. ஒரு சுற்று சுற்றிவிட்டேன். கூடத்தில் சுற்றுவது போலவே ஓடியது. நிற்கட்டும் என்று காத்திருந்தேன்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பாதை ஈரமாக இருந்தது. முன்னால் எந்த முதுகும் இல்லை, வளைவுகளை நானே பார்த்துக்கொள்ள வேண்டும். ரோஸ் தகட்டைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினேன். போனில் சிக்னல் ஒரு கோடு காட்டியது. அது போவதற்குள், கார் இல்லாமல் எப்படிப் போவாய் என்று அவர் கேட்டதற்குப் பதிலை டைப் செய்தேன்.

"ஆறு பன்னிரண்டு ரயில், கடைசிப் பெட்டி, கடைசி சீட்டுக்குப் பின்னால. சக்கரத்தைக் கழட்டினதும் பிரேக் கட்டைக்கு நடுவுல ரெண்டு மில்லிமீட்டர் தகடு ஒண்ணு செருகணும். அப்புறம் எவ்வளவு இறுக்கிப் பிடிச்சாலும் மூடிக்காது."