சட்டையில் இல்லாத வாடை

1

இந்தக் கதை ஒரு சிரிப்பில் பிறந்தது. பெட்ரோல் பங்கில் வேலை செய்கிற ஒருவர் என்னிடம், "எங்க வீட்டுக் கிணத்துல பெட்ரோல் கலந்திருக்கு. என் பொண்டாட்டி என் சட்டையைத் திட்டிக்கிட்டிருந்தா" என்றார். நானும் சிரித்துத் தொலைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

2

முதல் தொடக்கம்: 'கிணறு தன் அடிவயிற்றில் ஒரு ரகசியத்தை…'

(அடித்துவிட்டேன். கிணற்றுக்கு வயிறும் இல்லை, ரகசியமும் இல்லை. பங்கின் நிலத்தடித் தொட்டி ஓட்டையாகி, பெட்ரோல் மண்ணுக்குள் கசிந்து பக்கத்திலேயே இருக்கிற அவர் வீட்டுக் கிணற்றுக்கு வந்திருக்கிறது. அவ்வளவுதான்.)

இன்னொன்று: அவர் வாசலில் கால் வைக்கும்போதே மனைவி மூக்கைப் பொத்துவாள். "முதல்ல குளிச்சிட்டு வாங்க." குளித்துவிட்டு வந்தாலும் வாடை போகாது. "சோப்புப் போட்டீங்களா, இல்ல தண்ணிய மட்டும் காட்டிட்டு வந்தீங்களா?" சட்டையை இன்னொரு தரம் அலசுவாள், அதே கிணற்றுத் தண்ணீரில்.

இது இருக்கட்டும்.

3

இவள் மேல்தான் எனக்குச் சந்தேகம். வாடை தண்ணீரிலிருந்து வருகிறது என்பதுகூடவா ஒருத்திக்குத் தெரியாது? (வீட்டிலேயே ஒரு குற்றவாளி இருக்கும்போது கிணற்றை யார் எட்டிப் பார்ப்பார்கள்?)

அவர் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்த வாரம், சட்டையும் அவரோடு போய்விட்டது. வாடை போகவில்லை. இரண்டு வயது மகளுக்கு வெந்நீர் ஊற்றும்போது குளியலறை முழுக்க பெட்ரோல் நெடி. சளி பிடிக்குமே என்று கதவைச் சாத்திக்கொண்டுதான் தினமும் குளிப்பாட்டினாள். காய்ச்சின தண்ணீர் கெடுதல் செய்யாது என்று நம்பினாள். கெடுதல் ஆவியாகிக் குழந்தையின் மூக்குக்குள் போயிருக்கிறது.

4

கிணற்றில்தான் பெட்ரோல் என்று தெரிந்ததும், அதை உறிஞ்சிக்கொள்ளும் கரி நிரப்பிய இரண்டு உருளைகளைக் கிணற்றுக் குழாயில் மாட்டினார்கள். "ரெண்டு உருளைக்கும் நடுவுல இருக்கற குழாய்ல அப்பப்போ தண்ணி பிடிச்சு சோதிக்கணும். முதல் உருளை தீந்துபோனாலும் ரெண்டாவது தாங்கும்" என்றார் மாட்டியவர். சோதனையில் தண்ணீர் சுத்தம் என்றே வந்தது.

"எனக்கு இன்னும் வாடை வருதுங்க."

"எனக்கு ஒண்ணும் வரலயே."

"உங்க மூக்கா? அது பங்குக்கே எழுதி வெச்ச மூக்கு."

இருவரும் சிரிக்கவில்லை.

5

முடிவு ஒன்று: குழாயைத் திறக்கிறாள், மகள் தண்ணீரை அடித்து… வேண்டாம், விளம்பரப் படம் மாதிரி இருக்கிறது.

முடிவு இரண்டு: குழந்தையின் ரத்தப் பரிசோதனையில்… மாட்டேன். இதை எழுத எனக்குக் கை வராது.

இப்போது மகள் துணியில்லாமல் குளியலறையில் நிற்கிறாள். நெடிக்குப் பயந்து கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்கள், காற்று உள்ளே வருகிறது. அம்மாவின் கை குழாயின் மேல் இருக்கிறது. அப்பா துண்டோடு வாசலில் நிற்கிறார். குழாயைத் திறக்கச் சொல்வதா, துண்டைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போகச் சொல்வதா?

எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள், கொஞ்சம் சீக்கிரம். குழந்தைக்குக் குளிருகிறது.